எந்த வெள்ளி ராவு

முஸ்பிறாவுக்குக் கிழமையில் ஏழு நாள் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். சனி தொடங்கி வியாழன் வரை ஆறு நாளும் ஊசியும் இரத்தக் குப்பியும் அவளைத் தின்றுவிடும். அவளுக்கென்று மிஞ்சுவது வியாழன் பின்னேரம் ஒன்றுதான்.

கல்முனையில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் அவளுக்கு வேலை. மாரி மழை விட்டு நுளம்பு பெருகிவிட்டால் போதும், காய்ச்சல்காரர் வரிசை வாசல் தாண்டி வீதிக்கு வந்துவிடும். காலையில் கையுறை போட்டால் பகல் சோற்றுக்குத்தான் கழற்றுவாள். குழந்தை கத்தும், தாய் அழுவாள், ஆறடி உயர ஆம்பிளை கையை நீட்டிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நோகுமா மிஸ்?" என்பார். எல்லாருக்கும் அவள் ஒரே பதில்தான் சொல்வாள். "நோகும், ஆனா கெதியா முடிஞ்சிரும்."

வெள்ளி லீவு, அது வீட்டு வேலைக்கே சரி. வியாழன் நாலு மணிக்கு வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாளென்றால் பிறகு அவளை யாராலும் பிடிக்க முடியாது. நேரே பஸாருக்குள் இறங்குவாள். வாங்குவதற்கென்று ஒன்றும் இருக்காது. அதனால் எல்லாவற்றையும் வாங்குவாள். மூடி தொலைந்த டப்பாவுக்கு மூடி தேடிப் போய், மூடியோடு இன்னொரு டப்பாவை வாங்கி வருவாள். அபாயா ஊசி, தலையணை உறை, வீட்டில் ஏற்கெனவே மூன்று கிடக்கிற தேங்காய் வடிகட்டி என்று கை நிறைந்துவிடும். கடைசியாகப் புத்தகக் கடையில் ஏறி, முதுகு தடித்த நாவலாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு மருதமுனைக்கு ஓட்டோவில் வந்து இறங்குவாள். "கடையக் கட்டிக் குடுத்திருக்கலாம் உனக்கு" என்பார் உம்மா ஜெமீலா.

கட்டிக் கொடுத்தது ஒருமுறை நடந்ததுதான். இருபத்தாறு வயதில் ஒரு கல்யாணம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருந்தார். எட்டாம் மாதம் ஒரு நாள் காலையில் தன் உம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர் அங்கேயே இருந்துவிட்டார். கடைசியில் காதிக் கோட்டில் கல்யாணத்தை அறுத்து எல்லாம் முடிந்தது. இப்போது முஸ்பிறாவுக்கு முப்பத்தாறு. வாப்பா இல்லை. காக்கா றிஸ்வான் தன் பெண்டாட்டி வீட்டில், நோன்புக்கும் பெருநாளுக்கும் மட்டும் தங்கச்சி இருப்பதை ஞாபகம் வைத்திருக்கிற மனிதன்.

வியாழன் பொழுது பட்டு மஃரிபு தொழுது உம்மா யாசீன் ஓதி முடிக்கிற வரைக்கும் முஸ்பிறா பொறுத்திருப்பாள். முடிந்த அடுத்த நிமிடம் டிவி. அந்தக் கிழமை முழுக்க வந்த ஜின் நாடகத்தை, விட்டுப்போன நாலு பகுதியையும் மறுஒளிபரப்பில் ஒரே மூச்சில் பார்ப்பாள். எங்கோ வெளிநாட்டில் எடுத்து, வாயும் பேச்சும் பொருந்தாமல் தமிழாக்கிய நாடகம். பழைய மாளிகை ஒன்றில், நிலைக்கண்ணாடிக்குள் குடியிருக்கிற ஜின் பெண் ஒருத்திக்கு வீட்டுக்காரன் மேல் ஆசை.

"யாசீன் ஓதின வீட்டில பேயக் கூப்பிடாத மகள்" என்பார் உம்மா.

"அது பேயில்லம்மா. ஜின்."

"ஜின்னெண்டா சரியா?" என்று கேட்டுவிட்டு, உம்மா வெற்றிலைத் தட்டத்தோடு வந்து பின் கதிரையில் உட்கார்ந்துகொள்வார். கண்ணாடி மேல் ஆவி படியத் தொடங்கினால் முந்தானையால் முகத்தை மூடுவார். மூடின முந்தானையில் ஒரு கண்ணுக்கு மட்டும் இடைவெளி இருக்கும்.

நாடகம் முடிந்தபின்தான் முஸ்பிறாவுக்கு உண்மையான வியாழன் தொடங்கும். போனை எடுத்து, "பாத்தீங்களா சேர்?" என்று ஒரு மெசேஜ் போடுவாள். போட்ட கையோடு பதில் வரும். "பாத்தன் மிஸ். எல்லா லைட்டையும் போட்டுட்டுத்தான் பாத்தன்."

அந்தச் சேர்தான் ஜவாத். சாய்ந்தமருதுக்காரர். நாவிதன்வெளிப் பக்கம் நீர்ப்பாசன வேலைகளைப் பார்க்கிற உத்தியோகத்தர். வாய்க்கால் மதகில் சுருண்டு கிடக்கிற பாம்பைத் தடியால் தூக்கி எறிகிற மனிதருக்கு டிவி ஜின்னென்றால் பயம். பெண்டாட்டி மௌத்தாகி மூன்று வருடம், பிள்ளைகள் இல்லை. பெண்டாட்டி போனால் எங்கள் ஊர் ஆம்பிளைக்கு வீடும் போய்விடும். கட்டின வீடு பெண்டாட்டியுடையது, பிறந்த வீடு கூடப்பிறந்த ராத்தாவுக்குச் சீதனமாகப் போயிருக்கும். ஜவாத்தும் ராத்தா சபூறாவின் வீட்டில், முன்பக்க அறை ஒன்றில் உம்மாவோடு இருந்தார்.

அந்த உம்மாவின் சீனி வருத்தம்தான் இவர்களைச் சந்திக்க வைத்தது. மாதம் ஒருமுறை இரத்தம் எடுக்கக் கூட்டி வருவார். முதல் தடவை வந்தபோது முஸ்பிறாவின் மேசையில் கிடந்த நாவலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓ, இதா? இதில அந்த டொக்டர் கடைசியில செத்துப்போறாரே" என்றார். அவள் அப்போது பாதிதான் வாசித்திருந்தாள். அன்றைக்கு அவள் அந்த வயசாளிக்கு ஊசியைக் குத்தின பக்குவத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட மகனுக்குக் காட்டவில்லை. அடுத்த மாதம் அவர் வேறொரு நாவலோடு வந்தார். "மிஸ், இதிட முடிவ நான் சொல்ல மாட்டன்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த மாதம் அவள் ஒன்று கொடுத்தாள். இப்படி இரண்டு வருடம் இருபத்துச் சொச்சம் நாவல் கைமாறியது. நாவலைப் பற்றியும் நாடகத்தைப் பற்றியும் தவிர இருவரும் வேறு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் சேர், இவள் மிஸ்.

நோன்புக்கு முந்தின மாதம் ஜவாத்தின் உம்மா மௌத்தானார். அதன் பிறகு அவருக்குப் பரிசோதனை நிலையத்துக்கு வர ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. மாதம் பிறந்தால் முஸ்பிறாவின் கண் வாசலுக்குப் போகும். வருத்தக்காரர் எல்லாரும் வந்தார்கள், அவர் வரவில்லை. நல்ல உடம்போடு இருக்கிற மனிதர் மேல் அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு காய்ச்சலாவது வரக்கூடாதா என்று நினைத்துவிட்டு, அஸ்தஃபிருல்லாஹ் என்று வாயைக் கழுவிக்கொண்டாள்.

நாலு மாதம் மெசேஜிலேயே போனது. பிறகு ஒரு புதன்கிழமை பகல், சோற்றுப் பார்சலை அவிழ்க்கிற நேரத்தில், போன் அடித்தது. மெசேஜ் இல்லை, குரல்.

"மிஸ், வாற வெள்ளி ராவைக்கி ராத்தாவக் கூட்டிக்கிட்டு உங்கட வீட்ட வரலாமெண்டு நினைக்கிறன். உம்மாட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க."

முஸ்பிறாவுக்குக் கையில் சோறு.  "உம்மாட்டக் கேக்கத் தேவல்ல. வாங்க" என்றாள். சொன்ன பிறகுதான் வெட்கம் வந்தது. வெட்கத்தில் போனை வைத்துவிட்டாள்.

இனித்தான் பிழை. இதை வெளியூர்க்காரர் செய்யமாட்டார்கள். செய்ய அவர்களுக்கு வழியில்லை. எங்களுக்குப் பொழுது பட்டால் அடுத்த நாள் பிறந்துவிடும். வியாழன் மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் வெள்ளி ராவு. யாசீன் ஓதுகிற ராவு, நல்ல காரியம் கதைக்கிற ராவு அதுதான். ஆனால் கந்தோர் உத்தியோகமும் பள்ளிக்கூடமும் கலண்டரும் வந்த பிறகு, வெள்ளிக்கிழமை பொழுது பட்ட பிறகு வருகிற ராவையும் சிலர் வெள்ளி ராவு என்கிறார்கள். இரண்டு வெள்ளி ராவும் ஒரே ஊருக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. எது என்று சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

உம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. "வெள்ளி ராவெண்டா நாளைக்கித்தானே" என்று எழும்பி உடுப்புத் துவைக்கப் போனார். "பொண்ணு வீட்டாருதான் மாப்பிள்ள கேட்டுப் போற. இது என்ன புதினமா இரிக்கி, அவங்க வாறாங்க."

"இல்லம்மா. நாளைக்கி எண்டா நாளைக்கி எண்டு சொல்லியிருப்பாரே. புதன்கிழமை நிண்டுக்கிட்டு ஆராவது நாளைக்கி ராவப் போய் வெள்ளி ராவு எண்டு செல்லுவாங்களா?"

"நான் செல்லுவன்."

"அவர் ஒபிஸ்காரர். ஒருக்கா வெள்ளி ராவு கரண்ட் இல்ல, நாடகம் பாக்கல்ல எண்டு மெசேஜ் போட்டார். அது வெள்ளிக்கிழமைதான். எனக்கு நல்லா ஞாபகம் இரிக்கி."

ஆய்வுகூடக்காரி அல்லவா, கையில் ஆதாரம் வைத்திருந்தாள். "எதுக்கும் ஒருக்காக் கேள் மகள்" என்றார் உம்மா. முஸ்பிறா போனை எடுத்தாள். "எந்த வெள்ளி ராவு?" என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். பத்து வருடமாக மாப்பிள்ளையைக் காணாத பெண் விரலை மடக்கி நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று அவர் சிரித்துவிட்டால்? அழித்துவிட்டாள். அந்த மூன்று சொல்லுக்காக நான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

உம்மாவும் மகளின் ஆதாரத்துக்கே விட்டுவிட்டார். வியாழன் நாலு மணிக்கு உம்மாவையே கல்முனைக்கு வரச் சொன்னாள். மகளோடு உம்மா பஸாருக்கு வந்து வருடங்கள் ஆகியிருந்தன. அன்றைக்குத்தான் முதல்முறையாக முஸ்பிறா தேவையான சாமான்களை வாங்கினாள். விறாந்தைக்குத் திரைச்சீலை, வந்தவர்கள் கால் வைக்க ஒரு கம்பளம், பீரிசோடு ஆறு தேத்தண்ணிக் கோப்பை. கோப்பைக்கு மட்டும் மூன்று கடை ஏறி இறங்கினாள். நீலக்கரை போட்டதா, பொன்கரை போட்டதா என்று முடிவெடுக்கவே அரை மணித்தியாலம். "அவங்க கோப்பையத் தின்னவா வாறாங்க?" என்றார் உம்மா. மஃரிபை ஆய்வுகூடத்துக்கே திரும்பி வந்து விரிப்பு விரித்துத் தொழுதார்கள். தொழுது முடித்து மறுபடியும் கடைக்கு. உம்மாவுக்கு யாசீன் பிந்துகிற கவலை, முஸ்பிறாவுக்கு வட்டிலாப்பத்துக்குக் கருப்பட்டி வாங்குகிற கவலை. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறக்கும்போது ராவு இஷாவுக்குப் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. முஸ்பிறாவின் கை இரண்டும் பையின் வார் அழுத்திச் சிவந்திருந்தன. அவள் அவ்வளவு சந்தோசமாக ஒரு நாளும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை ராவு மருதமுனையில் அந்த வீட்டைப்போல ஒரு வீடு இருந்திருக்காது. திரைச்சீலையில் கடை மடிப்புப் போகாமல் நின்றது. கோப்பைகள் கழுவித் துடைத்துக் கவிழ்த்தி வைக்கப்பட்டிருந்தன. முஸ்பிறா பச்சை நிற சல்வார் உடுத்து, அது சரியில்லையென்று கழற்றி, ஊதா உடுத்து, மறுபடி பச்சைக்கே வந்திருந்தாள். மஃரிபு போனது. வீதியில் ஓட்டோச் சத்தம் கேட்டபோதெல்லாம் உம்மா தலைத்துணியைச் சரிசெய்தார். ஒன்றும் நிற்கவில்லை. இஷா போனது. உம்மா எழும்பி அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமில்லாமல் மூடினார்.

"ஒருக்கா எடுத்துக் கேளன் மகள்."

"வாறவங்க வருவாங்க. வராதவங்களக் கூப்பிட்டு என்னத்தக் கேக்கிற?"

அவளுக்கு அழுகை வந்தது. ஒரு தடவை ஒருவன் விட்டுப்போகிறேன் என்று சொல்லாமல் போனான். இன்னொரு தடவை ஒருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அவர் ராத்தாவிடம் பெயரைச் சொல்லியிருப்பார், ராத்தா விசாரித்திருப்பாள், அறுத்துவிட்ட பெண்ணா என்று கேட்டிருப்பாள். வேறென்ன இருக்கும்? கேட்டால் அதைத்தான் அவர் வாயால் கேட்க வேண்டிவரும். முஸ்பிறா கேட்கவில்லை. அவரும் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த வியாழன் நாலு மணிக்கு வெள்ளைக் கோட்டைக் கழற்றினாள், பஸாருக்குப் போனாள், நடந்தாள், வெறுங்கையோடு வந்தாள். அதற்கடுத்த வியாழன் இரண்டு கை நிறைய வாங்கி வந்தாள். என்ன வாங்கினாள் என்று வீட்டில் பையைப் பிரித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. நாடகத்தில் ஜின் பெண் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே நீட்டிவிட்டாள். உம்மா முந்தானையை முழுதாக மூடிக்கொண்டார். முஸ்பிறாவின் கை தன்பாட்டில் போனுக்குப் போனது. சாய்ந்தமருதில் இந்நேரம் ஒரு மனிதர் எல்லா லைட்டையும் போட்டுவிட்டுக் காலைக் கதிரை மேல் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார். பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு நாளும் அந்த நாடகத்தைப் பார்த்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. நாவலும் அப்படியே. வாசிக்க வாசிக்க, இந்த இடத்தில் சேர் என்ன சொல்வார் என்று மனம் நின்றுவிடும். முடிவைப் போட்டுடைக்க ஆளில்லாத நாவல் அவளுக்குப் பாதியிலேயே சலித்தது.

சலிப்பு என்று நான் சொல்வது மரியாதைக்கு. அவளுக்கு அந்த மனிதர் வேண்டும் என்றிருந்தது. அவருடைய கறுத்த முழங்கை, ஊசியைப் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் உம்மாவின் தோளைப் பிடித்திருந்த அந்தக் கை, எல்லாம் வேலை நேரத்திலும் வந்து நின்றன.

ஒரு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு அபூசாலி காக்கா மக்காவுக்கு உம்றாப் பயணம் முடித்து வந்தார். வருகிற வழியில் கொழும்பில் மகளோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்ததால் சுணக்கம். உம்மாவும் மகளும் கண்டுவரப் போனார்கள். பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் தந்துவிட்டு, விமானம், வெயில், சனக்கூட்டம் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, மறந்துபோன ஒன்றை எடுத்துச் சொல்வதுபோல் சொன்னார்.

"நாங்க பயணம் வெளிக்கிட்ட வெள்ளி ராவு, மஃரிபுக்குப் பொறகு ஒரு மனிசனும் பொம்புளயும் ஓட்டோவில வந்து உங்கட கேற்றத் தட்டினாங்க. கையில ரெண்டு பெட்டியும் கொணந்தாங்க. நீங்க கடைக்குப் போயிட்டீங்க எண்டன். திரும்பிட்டாங்க. ஆரு அது?"

"எந்த வெள்ளி ராவு காக்கா?" கையிலிருந்த பழத்தை முஸ்பிறா கீழே வைத்தாள்.

"எந்த வெள்ளி ராவெண்டா? வெள்ளி விடிய சுபஹுக்கு நாங்க வெளிக்கிட்டம். அதுக்கு முந்தின ராவு."

வீட்டுக்கு வந்து முஸ்பிறா கதிரையில் உட்கார்ந்தாள். உம்மா, நான் அன்றைக்கே சொன்னேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், அவருக்கு உரிமை இருந்தது. "நாளைக்கி லீவு போடு" என்றார். "நம்மட முறப்படி நாமதான் கேட்டுப் போகணும். போவம்."

மறுநாள் பகல் லுஹருக்குப் பிறகு சாய்ந்தமருதுக்குப் போனார்கள். கதவைத் திறந்த சபூறா இவர்கள் யாரென்று கேட்டறிந்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டாள். ஜவாத் வேலைக்குப் போயிருந்தார். ஆனாலும் வந்தவர்களை வாசலில் நிற்க விடுகிற பெண் இல்லை அவள். உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். கொடுத்துவிட்டுத்தான் பேசினாள்.

"பொம்புள கேட்டு வாறம் எண்டு செல்லியனுப்பின ராவு, ஊட்டப் பூட்டிட்டுக் கட சுத்தப் போயிட்டீங்க. விருப்பமில்லாட்டி விருப்பமில்ல எண்டு செல்லியிருக்கலாமே. நல்ல காரியமெண்டு நான்தான் வெள்ளி ராவு பாத்தன். வந்த காலோட திரும்பினது எனக்கு வெக்கமாப் போச்சி."

உம்மா வாயைத் திறக்கும் முன் முஸ்பிறா பேசினாள். கல்யாணப் பேச்சில் பெண் பேசுவது வழக்கமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"பிழ எண்ட பக்கம்தான் ராத்தா. நான் வெள்ளிக்கிழம ராவெண்டு நினைச்சிட்டன். அண்டைக்கி உங்களுக்குத் தேத்தண்ணி தரக் கோப்ப வாங்கத்தான் உம்மாவையும் கூட்டிக்கிட்டுக் கடைக்குப் போனன். மறுநாள் ராவு இஷாவுக்குப் பொறகும் உங்களப் பாத்துக்கிட்டிருந்தம்."

 சபூறாவின் இறுக்கம் போய், முகம் வேறு மாதிரி ஆனது.

"யா அல்லாஹ்" என்றாள். "நான் உங்களப் பத்தி நாலு பேருக்கிட்டக் கொறவாக் கதைச்சிட்டன் மகள். மாப்புச் செஞ்சிருங்க." பிறகு இவர்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ரெண்டு கிழமைக்கி முந்தி தம்பிக்கி நிந்தவூர்ல பேசி முடிச்சிட்டம். வாக்குக் குடுத்தாச்சி. வாற மாசம் நிக்காஹ்."

தேத்தண்ணி குடிக்காமலே ஆறியது. எழும்பும்போது சபூறா முஸ்பிறாவின் கையைப் பிடித்தாள்.

"ஒண்டு கேக்கன். இத அவனுக்கிட்டச் செல்லாதீங்க. நீங்க வேணாமெண்டு சொன்னதா நினைச்சித்தான் அவன் இதுக்கே ஓம் எண்டான். அவனுக்குத் தெரிஞ்சா அந்த நிக்காஹுல நிக்க மாட்டான், உங்கட வாசல்லதான் வந்து நிப்பான். அங்க அந்தப் புள்ளயும் பாவம், ஊடெல்லாம் பூசிக்கிட்டு இரிக்கிதுகள்."

திரும்பி வருகிற பஸ்ஸில் யன்னலோரம் இருந்த முஸ்பிறாவுக்குள் இரண்டு மாதிரியும் ஓடியது. நிந்தவூரில் ஒருத்தி இந்நேரம் திரைச்சீலை பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால், உங்கட வாசல்லதான் வந்து நிப்பான் என்று சபூறா சொன்னாளே, அது காதிலேயே நின்றது. தடுக்கப் போய் அவள்தான் ஆசையை மூட்டிவிட்டிருந்தாள். ஒரு மெசேஜ் போதும். அவர் தன்னை நினைத்துக்கொண்டு, தான் வேண்டாமென்று சொன்னதாக நம்பிக்கொண்டு, இன்னொரு வீட்டுக்குப் போகப்போகிறார்.

"என்னம்மா செய்ய?" என்றாள்.

 கல்முனை தாண்டின பிறகு, "அந்தப் புள்ள பாவம்தான்" என்றார் உம்மா. "நீயும் எண்ட புள்ள. அவருக்கிட்டச் செல்லு."

கதைகளில் இந்த இடத்தில் பெண் போனை மூடி வைத்துவிட்டு இன்னொருத்திக்காகக் கண்ணீர் விடுவாள். முஸ்பிறா அப்படி நூறு நாவல் வாசித்திருக்கிறாள். ஆனால் அவள் ஆசை துறந்த ஔலியா இல்லை. ஆசைப்பட்ட மனிதரை விடமுடியாத ஒரு பெண். பஸ்ஸுக்குள்ளிருந்தே எழுதினாள். "சேர், அண்டைக்கி நான் வேணாமெண்டு ஊட்டப் பூட்டல்ல. வெள்ளி ராவ வெள்ளிக்கிழம ராவெண்டு நினைச்சிட்டன். நீங்க வந்த நேரம் உங்களுக்காகத்தான் சாமான் வாங்கிக்கிட்டிருந்தன். மறுநாள் ராவு பாத்துக்கிட்டிருந்தன்." இந்த முறை அழிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தார்கள். பின்னேரம் அசர் தொழுதார்கள். முஸ்பிறா முகத்தைக் கழுவினாள், திரைச்சீலையை இழுத்துவிட்டாள், வாசலில் கிடந்த செருப்புகளை ஒதுக்கினாள். அவர் பதில் எழுதமாட்டார், நேரே மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவார் என்று அவளுக்கு ஏனோ தோன்றியது. மஃரிபுக்குக் கொஞ்சம் முன்பு போன் அதிர்ந்தது.

"தெரியும் மிஸ்."

அவள் அதை விளங்கிக்கொள்ளும் முன் அடுத்தது வந்தது.

"அண்டைக்கே தெரியும். ராத்தா ஓட்டோவில ஏறின பொறகு உங்கட பக்கத்து ஊட்டுக்காரர் எனக்கிட்டச் சொன்னார். நாளைக்கி ராவு விருந்தாளி வாறாங்க எண்டு உங்கட உம்மா சொன்னதாம், அதுக்குத்தான் சாமான் வாங்கப் போயிரிக்காங்களாம். உங்களுக்கு நாள் பிழச்சது எனக்கு வெளங்கிட்டு."

 பிறகு கடைசியாக ஒன்று.

"ராத்தாட்டச் சொல்லல்ல. நாளைக்கி நான் தனிய வாறன் எண்டு நினைச்சன். வெளிக்கிட்டும் வந்தன். மருதமுனைச் சந்தியில நிண்டன். கனநேரம் நிண்டன். வர ஏலாமப் போச்சி. முதல் நாள் ராவு எப்பிடியோ வந்திட்டன், ரெண்டாம் நாள் கால் வரல்ல. ஏனெண்டு எனக்கே தெரியா. மன்னிச்சிக்கிங்க."

முஸ்பிறா அதை மூன்று தரம் வாசித்தாள். பாங்கு சொன்னது. உம்மா விரிப்பை விரித்துவிட்டு, "ஆரு மகள்?" என்றார்.

"லெப்ல இருந்தும்மா, வேல விசயம்" என்றாள்.

நேற்றிலிருந்து இந்த நிமிடம் வரை அவள் ஒரு சொல்லின் மேல் பழியைப் போட்டு வைத்திருந்தாள். இரண்டு ராவுக்கு ஒரே பெயர் வைத்தவர்களை மனதுக்குள் ஏசியிருந்தாள். இப்போது பழி போட அந்தச் சொல் போதவில்லை. அவள் பச்சை சல்வாரில் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில் அவர் அரை மைல் தூரத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டு நின்றிருக்கிறார். போனில் ஒருக்காக் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். அந்த மனிதரிடம் ஒரேயொரு ராவுக்குத்தான் தைரியம் இருந்தது; அந்த ராவில் அவள் வீட்டில் இல்லை. அடுத்த ராவுக்கு அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. ராத்தா பேசி முடித்துக் கையில் கொடுத்ததற்கு ஓம் என்று சொல்லத் தைரியம் தேவைப்படவில்லை.

அவள் தொழுதாள். தொழுகையில் அழுதாள். இப்படிப்பட்ட ஆளையா என்று ஜவாத் மேல் கோபம் கோபமாக வந்தது, சந்தியில் தனியாக நின்றவரை நினைக்க இரக்கமும் வந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துக் கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது, கோபமும் மெல்ல இறங்கியது. அவர் வேண்டும் என்பது மட்டும் இறங்கவில்லை.